ஓரவஞ்சனை இயக்கவியல்: கார்ப் பந்தய விளையாட்டுகள் குறித்து ஒரு சிற்றாய்வு

ஆய்வுச் சிக்கலை முதலில் சொல்லிவிட வேண்டும். வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டறியாத ஒருவர் திரைக்குள் மணிக்கு 293 கிலோமீட்டர் வேகத்தில், கூரையில்லாத சிவப்புக் காரில் போகிறார். சாலையோர மரத்தில் மோதுகிறார். கார் குட்டிக்கரணம் போடுகிறது. அவரும் பக்கத்து இருக்கைப் பெண்ணும் சாலையில் உருள்கிறார்கள். சில நொடிதான். கீறல்கூட விழாத அதே காரில் இருவரும் மறுபடி கிளம்பிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி இல்லை, போலீஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. இத்தனை சலுகையும் அனுபவித்தவர் ஆட்டம் முடிந்து எழும்போது சொல்வது ஒன்றுதான்: “சீட்டிங் கேம்டா இது.”

சலுகை வாங்கியவரே மோசடிப் புகார் கொடுக்கும் இந்த விந்தையை விளக்குவதே இவ்வாய்வின் நோக்கம். கருதுகோள் பின்வருமாறு: ஆர்கேட் பாணிக் கார்ப் பந்தயம் தொடக்கம் முதல் இறுதிவரை ஓரவஞ்சனையால் இயங்குவது. அது ஆடுபவர் பக்கம் சாயும்போது அதற்குப் பெயர் திறமை. எதிராளி பக்கம் சாயும்போது அதற்குப் பெயர் ஏமாற்று. பந்தியில் தன் இலையில் கூடுதலாக விழுந்த வடையை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆய்வு எல்லை குறித்து ஒரு சொல். டயரின் பிடிப்பையும் எடை இடம்பெயர்வதையும் கணக்கிட்டு, லைசென்ஸ் தேர்வில் தேறினால்தான் பந்தயத்துக்கே விடுவேன் என்று அடம்பிடித்த 1997-ம் ஆண்டின் ‘கிரான் டூரிஸ்மோ’ போன்றவை இங்கே சேர்க்கப்படவில்லை. அவற்றை ஆடுபவர்கள் தோற்றால் தங்களைத்தான் நொந்துகொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் இந்த ஆய்வுக்குத் தேவையான தரவு கிடைக்காது.

முன்வரலாறு சுருக்கமானது. 1974-ல் அட்டாரி நிறுவனம் ‘கிரான் டிராக் 10’ என்ற, காசு போட்டு ஆடும் பெட்டியைக் கொண்டுவந்தது. ஸ்டியரிங், கியர், பெடல் எல்லாம் உண்டு. கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகளாகப் பாதை. கணக்குப் பிழையால் அதை அடக்கவிலைக்கும் குறைவாக நிறுவனம் விற்றுவந்தது. ஆக, இத்துறையில் முதன்முதலில் ஏமாந்தது தயாரித்தவரே என்பது குறித்துக்கொள்ளத்தக்கது. 1976-ல் வந்த ‘நைட் டிரைவர்’ இன்னும் துணிச்சலானது. இரவு நேரம் என்று சொல்லிவிட்டதால் சாலையை வரைய வேண்டிய அவசியமே எழவில்லை. இருபுறமும் வெள்ளைக் கம்பங்கள் மட்டும் நெருங்கி வரும். காரையும் இயந்திரம் வரையவில்லை. அது திரைக்கு முன் வைக்கப்பட்ட வண்ணப் பிளாஸ்டிக் படம். ஒரு அங்குலம்கூட அது நகராது. அதை ஓட்டுவதற்கு அமெரிக்கர்கள் காசு போட்டார்கள்.

நகராத கார் என்ற இந்தக் கோட்பாட்டை உச்சத்துக்குக் கொண்டுபோனது சேகா நிறுவனத்தின் ‘அவுட்ரன்’, ஆண்டு 1986. வடிவமைத்தவர் யூ சுசுகி. மேலே சொன்ன சிவப்புக் கார் அதில் வருவதுதான். அதன் சாலை உண்மையில் சாலை அல்ல. திரையில் கீழிருந்து மேலாக அடுக்கிய மெல்லிய கிடைக்கோடுகள். மேலே போகப் போக ஒவ்வொன்றும் குறுகிக்கொண்டே போகும். அடுத்தடுத்த கோட்டை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பக்கவாட்டில் தள்ளி வரைந்தால் வளைவு பிறந்துவிடும். மரங்களும் பலகைகளும் சிறிதாகத் தோன்றிப் பெரிதாகிக் காணாமல் போகும் தட்டைப் படங்கள். வளைவு வரும்போது இயந்திரம் காரை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. ஆடுபவர் ஸ்டியரிங்கைத் திருப்பி அந்தத் தள்ளலைச் சமாளிக்கிறார். அவ்வளவுதான் நடக்கிறது. அவர் எங்கும் போகவில்லை, ஊரே அவரை நோக்கி வருகிறது. இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு மனிதனுக்கு எந்த ஊரும் செய்ததில்லை.

இயற்பியல் விதிகளும் இதே மரியாதையோடு நடந்துகொள்கின்றன. 1993-ல் நாம்கோ வெளியிட்ட ‘ரிட்ஜ் ரேசர்’ ஆட்டத்தில் வளைவுக்குள் நுழையும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரு கணம் விட்டு, ஸ்டியரிங்கை ஒடித்து, மறுபடி அழுத்தினால் கார் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே வளைவை முடித்துவிடும். வேகம் பெரிதாகக் குறைவதில்லை. நிஜ மலைப்பாதையில் இதைச் செய்து பார்ப்பவருக்கு ஆய்வேட்டை முடிக்க ஆயுள் இருக்காது. ‘அவுட்ரன்’ ஆட்டத்தில் இதற்கும் மேல் ஒரு வித்தை உண்டு. கியரை மேலிருந்து கீழே தட்டி உடனே மேலே தட்டினால், சற்று நேரத்துக்குப் புல்தரையில் ஏறினாலும் வேகம் குறையாது. ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இதற்குக் ‘கியர் காச்சா’ என்று பெயர்வைத்துத் தேர்ந்த கலையாகவே பயின்றார்கள். நிரலில் இருந்த ஓட்டையை யாரும் குறை என்று எழுதி அனுப்பவில்லை. சாதகமான ஓட்டைக்குப் பெயர் நுணுக்கம்.

பிரேக் பெடல் பற்றித் தனி இயல் எழுத எண்ணியிருந்தோம். அதை மிதித்தவர்கள் போதிய எண்ணிக்கையில் கிடைக்காததால் கைவிடப்பட்டது.

இனி மறுபக்கம். ‘அவுட்ரன்’ ஆட்டத்தில் பந்தயப் போட்டியாளர் என்று யாருமே இல்லை. 15 கட்டங்கள், இறுதிக் கட்டங்கள் தவிர ஒவ்வொன்றின் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரியும், ஒரு பயணத்தில் ஐந்தைக் கடக்கலாம், போய்ச்சேரும் இடங்களும் ஐந்து. கிளம்பும் முன் கார் ரேடியோவில் பாட்டைக்கூட ஆடுபவரே தேர்ந்தெடுக்கலாம். கடற்கரை, தென்னை, இசை, பக்கத்தில் துணை. எல்லாம் அமைந்தும் நிம்மதியாகப் போக முடியாது. மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த சோதனைச் சாவடியைத் தொட்டால் சில நொடிகள் கூடுதலாகக் கிடைக்கும், தொடாவிட்டால் கார் மெல்ல நின்றுவிடும். பெட்ரோல் தீரவில்லை, இன்ஜின் பழுதில்லை. போட்ட காசு தீர்ந்துவிட்டது. சேகாவின் ‘டேடோனா யுஎஸ்ஏ’ இதை ஒளித்துக்கூட வைக்கவில்லை. அதன் தொடக்கநிலைப் பாதைக்குக் குறுக்கே மேலே சூதாட்ட இயந்திரத்தின் சக்கரங்கள் சுழன்றுகொண்டிருக்கும். பொத்தானைத் தட்டி மூன்று ஏழுகளை நிறுத்தினால் நேரம் கூடும். கார் பந்தயத்துக்கு நடுவில் லாட்டரி ஏன் என்று அதை ஆடிய எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த ஆட்டங்கள் வீட்டுக்குள் வந்த பிறகு காசுக்கு வேலை இல்லை. எனவே கடிகாரத்தின் இடத்துக்கு வேறொருவர் தேவைப்பட்டார். 1990-களில் தமிழ்நாட்டு வீடுகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் புழங்கிய போலிப் பெட்டிகளில், 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டுப் பத்திருபதை மட்டுமே திரும்பத் திரும்ப அடுக்கிய மஞ்சள் கேசட்டுகளில், கோனாமியின் ‘ரோடு ஃபைட்டர்’ அடிக்கடி அகப்படும். மேலிருந்து பார்க்கும் சாலை. நடுவே ஆடுபவரின் சிவப்புக் கார். மஞ்சள் கார்கள் நேராகப் போகும். வேறு சில நிறத்துக் கார்கள், இவர் நெருங்கும் கணம் பார்த்து, வேண்டுமென்றே குறுக்கே வந்து விழும். லேசாக உரசினாலே கார் தள்ளாடத் தொடங்கும். அது சாயும் திசையறிந்து சரியான பக்கம் ஒரு தட்டுத் தட்டினால் மீளும், ஒரு நொடி பிந்தினால் வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் எரிபொருள் குறையும். ஆனால் இடையில் பலவண்ணக் கார் ஒன்று வரும், அதை இடித்தால் எரிபொருள் கூடும். மற்றவற்றை இடித்தால் தண்டனை, இதை இடித்தால் பரிசு என்பதை ஏழு வயதுப் பிள்ளைகள் எந்த விளக்கக் கையேடும் இல்லாமல் புரிந்துகொண்டார்கள் என்பது கல்வியியல் துறைக்கும் பயன்படும் செய்தி.

அதே காலத்தில்தான் ஓரவஞ்சனை ஒரு முழுமையான தொழில்நுட்பமாக வளர்ந்தது. ஆங்கிலத்தில் இதை ரப்பர் பேண்ட் என்பார்கள். ஆடுபவர் பின்தங்கினால் கணினி ஓட்டும் கார்கள் வேகத்தைக் குறைத்து அவருக்காகக் காத்திருக்கும். முந்தினால் அவற்றுக்குத் திடீரென்று சக்தி பிறக்கும். இந்த அனுபவத்தைப் பெரும்பாலோர் பெற்ற ஆட்டம், 2005-ல் வந்த ‘நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்’. பிரவுசிங் சென்டர்களிலும் ஹாஸ்டல் அறைகளிலும் அது ஓடாத கம்ப்யூட்டரைத் தேடிப் பிடிப்பது கடினமாக இருந்தது. 15 பேர் கொண்ட கறுப்புப் பட்டியல்; ஒவ்வொருவராக வீழ்த்தி உச்சியில் இருக்கும் ‘ரேஸர்’ என்பவனிடம் பறிபோன பிஎம்டபிள்யூ காரை மீட்க வேண்டும். ஒரு வளைவுகூடப் பிசகாமல் ஓட்டி, எதிராளியைப் பார்வைக்கே தட்டுப்படாத தூரத்தில் விட்டாகிவிட்டது என்று நினைக்கும்போது, ஓரத்துச் சிறு வரைபடத்தில் அந்தப் புள்ளி ஊர்ந்து வரத் தொடங்கும். அவன் எப்படி வந்தான், எந்தக் குறுக்குவழியில் வந்தான் என்ற கேள்விக்கு விடை கிடையாது. கடைசி இருநூறு மீட்டரில் ஒரு டாக்ஸி குறுக்கே வரும். அவ்வளவுதான். நாலு நிமிட நேர்மையான உழைப்பு, அரை நொடியில் போய்விடும். இந்தக் கட்டத்தில் ஆடுபவர் வாயிலிருந்து வரும் சொற்கள் தரவாகத் திரட்டப்பட்டன. அச்சிட இயலவில்லை.

ஒரு மறுப்பு எழலாம்: ஓரவஞ்சனையை நீக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா? நல்லவேளையாக இரு முனைகளிலும் சோதனை ஏற்கெனவே நடந்திருக்கிறது. முதலாவது, மாயாஜாலக் கலைஞர்கள் பென், டெல்லர் இருவருக்காக 1995-ல் உருவாகி அப்போது வெளிவராமலே போன தொகுப்பிலுள்ள ‘டெசர்ட் பஸ்’. அரிசோனாவின் டூசானிலிருந்து லாஸ் வேகஸுக்கு ஒரு காலி பஸ்ஸை ஓட்ட வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 45 மைல். பயணம் எட்டு மணி நேரம்; நிஜமாகவே எட்டு மணி நேரம். எதிரே வண்டி இல்லை, வளைவு இல்லை, யாருக்கும் சலுகை இல்லை. பஸ் சற்றே வலப்பக்கம் இழுப்பதால் பொத்தானில் டேப் ஒட்டிவிட்டுத் தூங்கவும் முடியாது. போய்ச்சேர்ந்தால் ஒரு மதிப்பெண். பாதை விலகினால் இழுவை வண்டி வந்து, அதே நிதானத்தில், டூசானுக்கே இழுத்துப்போகும். முழு நேர்மையின் விளைவு இது.

மறுமுனையில் 2003-ல் வந்த ‘பிக் ரிக்ஸ்’. லாரிப் பந்தயம் என்றாலும் விதிவிலக்கு அளித்துச் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. முதலில் கடைக்கு வந்த பதிப்பில் எதிராளியின் லாரி தொடக்கக் கோட்டைவிட்டு நகரவே நகராது. வீடு, மரம், எதுவும் தடுக்காது; எல்லாவற்றினூடாகவும் போகலாம். பாலத்தின் மீது ஏறினால் அதையும் மதிக்காமல் லாரி கீழே இறங்கிவிடும். ரிவர்ஸில் போனால் வேகத்துக்கு எல்லையே கிடையாது. விரலை எடுத்த கணம் நின்றும்விடும். பந்தயம் முடிந்ததும் மூன்று கைப்பிடி வைத்த கோப்பை ஒன்று தோன்றி, தப்பான ஆங்கிலத்தில் வாழ்த்தும். தோற்கவே வழியில்லை. விமர்சகர்கள் இதுவரை வந்தவற்றிலேயே மோசமான விளையாட்டுகளில் ஒன்று என்று ஒருமனதாகச் சொன்னார்கள். முழுச் சலுகையையும் மனிதன் ஏற்பதில்லை. தனக்குக் கொஞ்சம் கூடுதலாக, அதுவும் தெரியாமல் கிடைக்க வேண்டும் என்பதே அவன் கோரிக்கை.

உடற்கூறு சார்ந்த ஒரு கண்டுபிடிப்பையும் இங்கே பதிவுசெய்தாக வேண்டும். திரையில் வளைவு வந்தால் ஆடுபவரின் தோள் அந்தப் பக்கம் சாய்கிறது. கழுத்து நீள்கிறது, ரிமோட்டைப் பிடித்த இரு கைகளும் காற்றில் ஏறுகின்றன, வயர் விறைத்து டிவி கேம் பெட்டியே தரையில் இழுபட்டு வருகிறது. இதனால் காருக்கு எந்தப் பயனும் இல்லை. ‘அவுட்ரன்’ பெரிய பெட்டியில் இருக்கையே மோட்டாரால் சாய்ந்து இந்த உழைப்பைத் தானே ஏற்றுக்கொண்டது. 2008-ல் நின்டெண்டோ ‘மாரியோ கார்ட் வீ’ ஆட்டத்துடன் ஒரு வெள்ளை ஸ்டியரிங்கைக் கொடுத்தது. அதற்குள் மின்சுற்று எதுவும் இல்லை, ரிமோட்டைச் செருகிக்கொள்ளும் பிளாஸ்டிக் வளையம்தான். அப்புறம் செல்போன் வந்தது. போனைச் சாய்த்தால் கார் நிஜமாகவே திரும்பியது. பல்லாண்டுகளாக வீணாகச் சாய்ந்த தோள்களுக்குக் கடைசியில் அங்கீகாரம். ஆனால் கொஞ்சம் கைதேர்ந்தவர்கள் செட்டிங்ஸைத் திறந்து அதை அணைத்துவிட்டுத் தொடுபொத்தானுக்கு மாறிக்கொண்டார்கள். மாறிய பின்னும் தோள் சாய்கிறது.

தோற்றவர் சொல்லும் காரணங்களை வகைப்படுத்துவது எளிது: பட்டன் ஒட்டுது, கம்ப்யூட்டர் ஸ்லோ, அவனுக்கு நல்ல காரு, நீ நடுவுல பேசின. ஜெயித்தவர் சொல்லும் காரணம் ஒன்றுதான். ரப்பர் பேண்ட் எதிராளியைப் பிடித்து நிறுத்தியதால் ஜெயித்தேன் என்று கூறிய ஒருவரும் இதுவரை அகப்படவில்லை.

ஓரவஞ்சனையை மறைக்காமல் சட்டமாகவே ஆக்கியது நின்டெண்டோதான். ‘மாரியோ கார்ட்’ ஆட்டத்தில் பாதையிலுள்ள பெட்டிகளை இடித்தால் ஆயுதம் கிடைக்கும்; யாருக்கு எது என்பதை அவர் எந்த இடத்தில் ஓடுகிறார் என்பது தீர்மானிக்கிறது. கடைசியில் இருப்பவருக்கு மின்னலும் ராக்கெட்டும். 1996-ன் ‘மாரியோ கார்ட் 64’ நீல நிற ஆமை ஓடு ஒன்றை அறிமுகம் செய்தது. பின்னால் இருப்பவர் எறிந்தால் அது முதலிடத்தில் இருப்பவரைத் தேடிப்போய்த் தாக்கும். அவர் என்ன குற்றம் செய்தார்? முதலில் ஓடினார். நண்பர்களுக்குள்ளும் அண்ணன் தம்பிக்குள்ளும் இதனால் விளைந்த மனக்கசப்புகளுக்கு அளவில்லை. 2014-ல் ‘மாரியோ கார்ட் 8’ ஒருவழியாக மாற்று மருந்து கொடுத்தது. சூப்பர் ஹார்ன் கையில் இருந்தால், நீல ஓடு தலைக்கு மேலே வந்து வட்டமிடும்போது அதை ஊதி நொறுக்கிவிடலாம். அந்த ஹார்னும் அதே பெட்டிகளிலிருந்துதான் வருகிறது, முதலிடத்தில் இருப்பவருக்கு மிக அரிதாகவே வருகிறது. அவர் இடிக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது வாழைப்பழமும் ஒரு தங்கக் காசும்.