உதறலியல்: சிக்னலில் நடுங்கும் சிறு காரை முன்வைத்து ஓர் அளவை ஆராய்ச்சி

சிவப்பு விளக்கில் நிற்கும் சிறு காருக்குள், யாரும் எதுவும் வேண்டாமலேயே டாஷ்போர்டுப் பிள்ளையார் 'ஆகட்டும், ஆகட்டும்' என்று தலையாட்டுவதையும், கண்ணாடியில் பின்னால் நிற்கும் பேருந்து இரண்டாகத் தெரிவதையும் இக்கட்டுரை 'உதறல்' என்று வரையறுக்கிறது. பட்டறை வழக்கில் இதற்கு 'மிஸ்ஸிங் அடிக்குது', 'ஐட்லிங் நிக்கல', 'வண்டி உதறுது' என மூன்று பாடபேதங்கள் உண்டு; பொருள் ஒன்றே. ஆய்வுக்கு மூலமாகக் கொள்ளப்படுவது 1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர். ஒன்று லீவு போட்டால் மூன்றில் ஒரு பங்கு ஆள்பலம் போய்விடும் சிறு குடும்பம். நிறுவப்போவது ஒரே விதி: சாலையில் ஒழுங்காக ஓடி, நின்றால் மட்டும் உதறும் வண்டியில், குற்றவாளியின் விலை குறையக் குறையச் சந்தேகிக்கப்படும் பொருளின் விலை ஏறும்.

விதிக்கான ஆதாரம் ஐட்லிங்கின் இயல்பிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால், நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிவதால், மூன்றும் சேர்ந்து நொடிக்கு 22.5 முறை எரியும். இரண்டு எரிப்புக்கு நடுவே 44 மில்லி நொடி. ஒரு சிலிண்டர் தவறினால் அந்த இடைவெளி 89 ஆகும். அந்தப் பள்ளத்தில் என்ஜின் இடறி விழுந்து எழுவதுதான் பிள்ளையாரின் தலையாட்டம். 3000 சுற்றில் அதே பள்ளம் 27 மில்லி நொடிக்குச் சுருங்கிவிடும், ஃப்ளைவீல் தன் வேகத்திலேயே அதைத் தாண்டிவிடும். காற்றின் கணக்கும் இப்படித்தான். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். வெடிப்பு விட்ட ரப்பர் குழாய் வழியாகக் கள்ளத்தனமாக நுழையும் காற்று, திராட்டில் திறந்திருக்கும்போது கடலில் கரைத்த பெருங்காயம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, திராட்டில் ஏறக்குறைய மூடிக்கொண்டபின், அதே காற்று ஒரு டம்ளர் மோரில் விழுந்த கைப்பிடி உப்பு. ஆகவே நின்ற இடத்தில் வண்டியை உதறவைக்கப் பெரிய பழுது தேவையே இல்லை. கரி பிடித்த பிளக், அழுக்கேறிய திராட்டில் பாடி, வெடித்த ஒரு சாண் குழாய், இவற்றில் ஒன்று போதும்.

இவ்வளவு எளிய விஷயத்தில் பேச்சு ஏன் என்ஜினை இறக்குவதுவரை போகிறது? நம் தருக்க மரபு காண்டல், கருதல், உரை என்று அளவைகளைச் சொல்லும். பானெட் திறந்த மறுநொடி முதல் இரண்டும் ஒதுங்கிவிட, உரை மட்டும் கொடிகட்டிப் பறக்கிறது. டீ கிளாஸோடு எட்டிப் பார்ப்பவர் தம் வண்டிக்கு எப்போதோ வந்த நோயையே இதற்கும் எழுதிக்கொடுப்பார். 'பெட்ரோல்ல கலப்படம்' என்பதோ சான்று கேட்கக் கூடாத ஆப்தவாக்கியம். காண்டலுக்கு வேண்டியது ஒரு துண்டுக் காகிதம். சைலன்சர் வாயருகே பிடித்தால் நலமான என்ஜின் அதைச் சீராக வெளியே தள்ளும். ஒரு சிலிண்டர் தவறினால் காகிதம் தாளம் தப்பும். சில சமயம் நொடிப்பொழுது உள்ளே இழுபட்டுக் குழாய் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். கருதலுக்கு, சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் உள்ள எம்பிஎஃப்ஐ வண்டியில், ஓடும் என்ஜினின் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். உழைக்கும் சிலிண்டரை நிறுத்தினால் உதறல் கூடும். எதை நிறுத்தியும் சத்தம் மாறவில்லையோ, அது இத்தனை நாளும் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த ஆசாமி.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எரிந்துபோன வால்வால் ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்தாலும் அது ஐட்லிங்கில்தான் அதிகம் தெரியும். அப்படியானால் நின்று உதறுவது சிறு பழுதுக்கு மட்டும் அடையாளமாகுமா? ஆகாது, இது ஏற்கத்தக்கதே. ஆனால் கம்ப்ரஷன் கேஜை மாட்டுவது பிளக்கைக் கழற்றிய ஓட்டையில். பெரிய சந்தேகத்தின் வீட்டுக்குச் சிறிய சந்தேகத்தின் திண்ணையைக் கடந்துதான் போகவேண்டும். பிளக் கைக்கு வந்தபின் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. முனை வெளிர்பழுப்பு என்றால் நலம், காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல். அதன்பிறகு கேஜ் ஒரு சிலிண்டரில் மட்டும் சரிவைக் காட்டினால் நம் விதி தோற்றது. தோற்றதையும் குறைந்த செலவில் தெரிந்துகொண்டோம் என்பதே அதற்கு ஆறுதல்.

'ஸ்கேனர் இருக்கக் காகிதம் எதற்கு?' என்பது இரண்டாம் மறுப்பு. பி0301 என்ற பிழைக்குறி வந்தால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். ஸ்கேனர் தெருவைச் சொல்கிறது, வீட்டு எண்ணைச் சொல்வதில்லை. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டிகளில் ஒன்றாம் காயிலை இரண்டாவதில் மாட்டிப் பார்க்கவேண்டும். குறி பி0302 ஆகக் குடிபெயர்ந்தால் திருடன் காயில். பெயராவிட்டால் அடுத்து பிளக்கை மாற்றிப் போடலாம். மூன்றாம் மறுப்பு தத்துவ வகை: 'மூணு சிலிண்டர்னா ஆடத்தான் செய்யும்.' மூன்று சிலிண்டர் என்ஜினின் முனைக்கு முனை ஊசலாடும் சுபாவம் உண்மைதான். அதை விழுங்கத்தான் மவுண்டிங் ரப்பர் இருக்கிறது. பிறவிக்குணம் போன மாதம் தொடங்காது. காகிதம் தாளம் தப்பாமல் வண்டி மட்டும் அதிர்ந்தால் அந்த ரப்பர் தளர்ந்துவிட்டது என்று கொள்க. இதிலும் என்ஜின் நிரபராதி, ரப்பரே குற்றவாளி என்பதால் மறுக்க வந்தவர் நமக்கே சாட்சி சொல்லிப் போகிறார்.

ஆகவே துலக்கும் வரிசை விலைப்பட்டியலின் அடியிலிருந்து மேலே ஏறவேண்டும்: காகிதம், குழாய், பிளக், திராட்டில் பாடி, காயில், கேஜ், கடைசியில் என்ஜின். இப்படிச் சரிசெய்த வண்டியில் பிள்ளையார் தலையாட்டுவதை நிறுத்திவிடுவார். சுற்றி நின்றவர்கள் மட்டும் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று தொடர்ந்து ஆட்டுவார்கள். அந்த உதறலுக்கு எந்தக் கடையிலும் மவுண்டிங் கிடைப்பதில்லை.