பியாஜேயின் தண்ணீரும் பல்லாவரத்துத் தண்ணீரும்

நான் தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பில் சேர்ந்தபோது வீட்டில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டு வருஷம் படிப்பாள், ஒரு சான்றிதழ் வரும் என்ற அளவில் விட்டுவிட்டார்கள். அதில் 'கற்கும் குழந்தை' என்று ஒரு தாள் இருப்பது வெளியே தெரிந்த பிறகுதான் என் மரியாதை கூடியது. பம்மலிலிருந்து சித்தி போன் செய்து, பையன் இன்னும் விரல் சூப்புகிறானே என்று கேட்டாள். மாடி வீட்டு அக்கா, பெரியவள் ஏன் சின்னவளைக் கிள்ளுகிறாள் என்று கேட்டுவிட்டு, பதில் நீளமாக இருக்கும் என்று நாற்காலியை வேறு இழுத்துப் போட்டுக்கொண்டார். டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்த முதல் வாரமே சொந்தக்காரர்கள் மூட்டுவலிக்கு மருந்து கேட்பார்களே, அந்தக் கதைதான். எங்களுக்கு அப்போது முதல் அலகே முடிந்திருக்கவில்லை.

அந்தத் தாளின் கதாநாயகர் பியாஜே. 1896இல் பிறந்த சுவிட்சர்லாந்துக்காரர். தன் மூன்று பிள்ளைகளையும் கைக்குழந்தையாக இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து, குறிப்பெடுத்துப் பேர் வாங்கியவர். இதை ஆயாவிடம் பெருமையாகச் சொன்னேன். "ஆம்பள உக்காந்து நோட்டு எழுதிக்கினு இருந்தா, துணி தொவச்சது யாரு?" என்றாள். பாடப்புத்தகத்தில் அதற்கு விடை இல்லை.

பியாஜேயின் சோதனைகளில் தண்ணீர்ச் சோதனை பிரபலம். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளரில் ஒரே அளவு தண்ணீர். குழந்தை பார்க்கும்போதே ஒன்றை எடுத்து ஒல்லியான நெட்டை டம்ளரில் ஊற்ற வேண்டும். எதில் அதிகம் என்று கேட்டால், ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெரும்பாலும் நெட்டையைக் காட்டும். தண்ணீர் அதேதான் என்ற புத்தி அதற்கு மேல்தான் வரும்.

செய்து பார்க்கலாம் என்றால் வீட்டில் எல்லாமே எவர்சில்வர். கண்ணாடி டம்ளர் ஷோகேஸில் உண்டு. அண்ணி கல்யாணத்துக்கு வந்தவை. விருந்தாளிக்கே வெளியே வராதவை பியாஜேவுக்கா வரும்? வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனேன். இந்தியாவின் முதல் கற்காலக் கருவியை ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கண்டெடுத்தது எங்கள் பல்லாவரத்தில்தான். மிச்சமிருந்தவை சந்தையில் இன்னமும் விற்பனைக்கு வருவதாகவே எனக்குத் தோன்றும். பழைய மிக்சி, லவ் பேர்ட்ஸ், ஒற்றைச் செருப்பு எல்லாம் கிடைக்கிற இடத்தில் டம்ளர் கிடைக்காதா? குட்டையாக இரண்டு, நெட்டையாக ஒன்று பொறுக்கினேன். "சைஸ் சேரலையேம்மா?" என்றார் கடைக்காரர். "சேரக் கூடாதுண்ணே" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பேரம் பேசாமலே பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

அண்ணன் மகளுக்கு ஐந்தரை வயது. புத்தகப்படி நெட்டையைத்தான் காட்ட வேண்டும். ஊற்றினேன், கேட்டேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுலதான் அத்தை கொஞ்சம் கம்மி" என்று நெட்டையைக் காட்டினாள். ஏன் என்றேன். "ஊத்தும்போது நீ கீழ சிந்திட்ட." குனிந்து பார்த்தேன். தரையில் நாலு சொட்டு இருந்தது.

தண்ணீர் லாரி வருகிற தெருவில் பிறந்த பிள்ளை அவள். டிரம்மிலிருந்து குடத்துக்கு, குடத்திலிருந்து அண்டாவுக்கு, அண்டாவிலிருந்து சொம்புக்கு என்று தண்ணீர் உருமாறுவதைப் பார்த்தே வளர்ந்தவள். எங்கே மாற்றினாலும் அதிகமாகாது, சிந்தினால் குறையும், குறைந்தால் அம்மா கத்துவாள். இந்த மூன்று விதியும் அவளுக்குப் பால்பல் விழுவதற்கு முன்பே பாடம். இது என் குடும்பப் பெருமை மட்டுமில்லை. மெக்சிகோவில் குயவர் வீட்டுப் பிள்ளைகளிடம் களிமண்ணை வைத்து இதே மாதிரிச் சோதனை செய்து 1969இல் ஓர் ஆய்வு வந்தது. மண்ணைப் பிசைந்து வளர்ந்த அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை முந்தினார்கள். வீட்டுத் தொழில் பிள்ளையின் வயதைக் கூட்டிவிடுகிறது.

வளர்ச்சி நிலைகளை எண்ணுவதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. பியாஜே நான்கு நிலை சொன்னார், எரிக்சன் எட்டு சொன்னார். பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டில் தளர்நடை போடும் வருகை, ஒன்றரை வயதில் நிலாவை விளையாடக் கூப்பிடும் அம்புலி. 12ஆம் நூற்றாண்டிலேயே ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பாடிவிட்டார். ஒரே குறை, பாட்டுடைத் தலைவர்கள் எல்லோரும் கடவுளாகவோ அரசராகவோ பெரிய மனிதராகவோ இருப்பதால் ஒருவர்கூடத் தாமதமாக நடக்கவில்லை. "உங்கப்பன் பதினாறு மாசத்துலதான் நடந்தான்" என்றாள் ஆயா. "இன்னிக்கும் எங்கயாவது வேகமா போறானா பாரு."

படிப்பு முடிந்தால் ஆசிரியர் தகுதித் தேர்வு காத்திருக்கிறது. முதல் தாளில் 150 கேள்வி, அதில் குழந்தை மேம்பாட்டுக்கு மட்டும் 30. அடம்பிடிக்கும் குழந்தையை என்ன செய்வீர்கள் என்கிற மாதிரி ஒரு கேள்வி வரும். அடிப்பேன், மிரட்டுவேன், கண்டுகொள்ள மாட்டேன், காரணமறிந்து ஊக்குவிப்பேன். கடைசியைத்தான் டிக் அடிக்க வேண்டும் என்பது அடிக்கிறவருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் இந்த நான்கு விடைகளுக்கும் ஆள் இருக்கிறது. அண்ணி அடிப்பாள், அண்ணன் மிரட்டுவான், அப்பா பேப்பர் படிப்பார், ஆயா முறுக்கு கொடுத்து ஊக்குவிப்பாள். பத்து நிமிஷத்தில் குழந்தை நான்கையும் பார்த்துவிட்டு, எது லாபம் என்று முடிவு செய்துகொள்ளும்.

கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் இரண்டாம் வகுப்பைக் கொடுத்தார்கள். தலைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் பாடத்துக்கு இடைவேளை. எந்தக் கம்பெனி விமானம் என்று மொத்த வகுப்பும் கூவி முடித்த பிறகுதான் நான் பேசலாம். ஒருநாள் குடும்பத்தை வரையச் சொன்னேன். ஒரு பையன் அப்பா, அம்மா, தங்கச்சி மூன்று பேரையும் ஓரமாக வரைந்து, நடுவில் தொந்தியோடு ஒருவரைப் பெரிதாக நிறுத்தியிருந்தான்.

"தாத்தாவா?"

"இல்ல மிஸ், ஹவுஸ் ஓனர்."

"அவர் எப்படிடா உங்க குடும்பத்துல வருவாரு?"

"அஞ்சாம் தேதி வருவாரு மிஸ்."

குழந்தையை நடுவில் வைத்து, வீடு, பள்ளி, அக்கம்பக்கம், பெற்றோரின் வேலை, நாட்டு வழக்கம் என்று வளையத்துக்கு வெளியே வளையமாகப் போட்டு 1979இல் பிரான்ஃபென்பிரென்னர் ஒரு புத்தகம் எழுதினார். பரீட்சைக்காக அதை உருப்போட்டு வைத்திருந்தேன். வாடகை எந்த வளையம் என்று அந்தப் பையன்தான் காட்டிக்கொடுத்தான். வகுப்புக்குப் பிள்ளை தனியாக வருவதே இல்லை. லாரித் தண்ணீர், வாடகை, ஆயாவின் முறுக்கு எல்லாம் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்கின்றன.

தனியாள் ஆய்வுக்கு எதிர்வீட்டுப் பையனைப் பிடித்தேன். பிரச்சினை: சாப்பிட மாட்டான். அவன் அம்மா தட்டோடு தெருமுனை வரை ஓடுவார். நான் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தபோது ஆயா அவனை எங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டு, அண்ணன் மகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். யாரும் கெஞ்சவில்லை. இவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நாலு இட்லியை உள்ளே தள்ளினான். மறுநாள் இவளை அங்கே அனுப்பினாள். வீட்டில் தொடாத கத்திரிக்காயை இவள் அங்கே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பதிவேட்டில் பரிந்துரைக்குப் பக்கத்தில் அறிஞர் பெயரும் போட வேண்டும். துணைக்கு ஆள் இருந்தால் பிள்ளை தனியாகச் செய்ய முடியாததையும் செய்யும் என்று சொன்ன ரஷ்யாக்காரர் வைகாட்ஸ்கியின் பெயரைப் போட்டேன். ஆயாவின் உழைப்பு இன்னொருவர் கணக்கில் போகிறதே என்று மனசு கேட்காமல் அவளிடமும் சொல்லிவிட்டேன்.

"போட்டா போட்டுக்கோ. அவருக்கு எத்தினி புள்ள?"

"ரெண்டு பொண்ணு ஆயா."

ஆயா ஆறு பெற்றவள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ரெண்ட வச்சிக்கினே இவ்ளோ கண்டுபுடிச்சிருக்காரு. கெட்டிக்காரர்தான்."