எக்கி நின்ற கோபுரங்கள்

என் தங்கை மகனுக்கு எட்டு வயது. உலகத்தில் உயரமாக எது நின்றாலும் அவனுக்கு மனப்பாடம். புர்ஜ் கலீஃபா 828 மீட்டர், ஷாங்காய் டவர் 632 மீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். ஏழாம் வாய்ப்பாடு மட்டும் விழித்திருக்கும்போது கேட்டாலும் வராது. போன வாரம் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான்: "மாமா, உச்சியில வைக்கிற கம்பியையும் சேத்து அளக்கலாமா?"

இதே கேள்விக்காக நியூயார்க்கில் கோட் சூட் போட்ட பெரிய மனிதர்கள் டாலரை வாரி இறைத்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்று உயரம் பார்க்கும்போது ஒருவன் நைசாக எக்குவான், மற்றவன் தலைமுடியைத் தூக்கிவிட்டுக்கொள்வான் அல்லவா? 1929-இல் அங்கே நடந்ததும் அதுதான். என்ன, இங்கே முடிக்குப் பதில் எஃகு.

வில்லியம் வான் ஆலன், கிரேக் செவரன்ஸ் என்று இரண்டு கட்டடக் கலைஞர்கள். ஒரே அலுவலகத்தில் கூட்டாளிகளாக இருந்து, முறைத்துக்கொண்டு பிரிந்தவர்கள். வான் ஆலனுக்குக் கற்பனை அதிகம். செவரன்ஸுக்கு ஆள் பிடிக்கும் சாமர்த்தியம் அதிகம். பிரிந்த பிறகு வான் ஆலனுக்கு வாய்த்தவர் கார் முதலாளி வால்டர் கிரைஸ்லர். ரயில்வே பட்டறையில் எடுபிடியாகத் தொடங்கி முன்னுக்கு வந்தவர். பையனாக இருந்தபோது தன் கையால் செய்த கருவிகளைப் பெட்டியோடு கொண்டுபோய்த் தன் கோபுரத்தின் உச்சி மாடியில் காட்சிக்கு வைத்தவர். செவரன்ஸுக்கு வால் ஸ்ட்ரீட் வங்கிக்காரர்கள் வாய்த்தார்கள். அவர்களுக்காக அவர் எழுப்பிய கோபுரத்தின் முகவரி 40 வால் ஸ்ட்ரீட்.

கிரைஸ்லர் தரப்பு 925 அடி என்று சொல்லிவைத்தது. செவரன்ஸ் கணக்குப் போட்டு 927 அடிக்குக் கொண்டுபோனார். இரண்டே இரண்டு அடி! இப்படி ஜெயித்தவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

வான் ஆலன் தூங்கவில்லை. 185 அடி நீளமுள்ள, 27 டன் எடையுள்ள எஃகு ஊசி ஒன்றைத் துண்டு துண்டாக மேலே ஏற்றி, கோபுரத்தின் குடைக்கு உள்ளேயே வைத்துச் சத்தமில்லாமல் கோத்துக்கொண்டிருந்தார். 1929 அக்டோபர் 23 அன்று, ஒன்றரை மணி நேரத்தில் அது குடையின் உச்சியைத் துளைத்துக்கொண்டு வெளியே தலைகாட்டியது. மொத்தம் 1,046 அடி. இதில் பெரிய வேடிக்கை, இவ்வளவு நாடகத்தையும் ஊரில் யாரும் சரியாகப் பார்க்கவே இல்லை. பத்திரிகைக்காரர்களும் கோட்டை விட்டார்கள். மறுநாள் வியாழக்கிழமை, பங்குச் சந்தை தலைகுப்புற விழத் தொடங்கியது. அதன் பிறகு யாருக்கு அண்ணாந்து பார்க்க மனசு வரும்?

"போங்காட்டம்!" என்றான் மருமகன். செவரன்ஸ் கூட்டமும் அதையேதான் சொன்னது. ஊசியில் யாராவது போய் உட்கார முடியுமா? ஆள் போய் நிற்கக்கூடிய மாடி எங்களுடையதுதான் உயரம் என்று மல்லுக்கு நின்றார்கள். ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றச் சொல்வதற்கு நம் தெருவில் அழுகுணி ஆட்டம் என்று பெயர்.

இந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாமல் அடிபட்டது பாரிசில் இருந்த ஈஃபிள் கோபுரம். 1889 முதல் 300 மீட்டர் உயரத்தில் நாற்பது வருஷம் ராஜாவாக நின்றதை இந்த ஊசி கவிழ்த்துவிட்டது. அதுவும் சும்மா இருக்கவில்லை. 1957-இல் தலையில் ஓர் ஆன்டெனாவைச் செருகிக்கொண்டு கிரைஸ்லரைத் தாண்டியது. அறுபத்தெட்டு வயதில் எக்கி நிற்பதென்றால் வைராக்கியம் வேண்டும்.

ஜெயித்துக் கொடுத்த வான் ஆலனுக்கு கிரைஸ்லர் தந்த பரிசு என்ன தெரியுமா? கூலி பாக்கி. கட்டுமானச் செலவில் ஆறு சதவீதம் கேட்டார் வான் ஆலன்; ஒப்பந்தக்காரர்களிடம் கை நீட்டினாய் என்று திருப்பினார் முதலாளி. வழக்குப் போட்டு வான் ஆலன் ஜெயித்தார். ஆனால் முதலாளி மேல் வழக்குப் போட்ட ஆளை அடுத்த முதலாளி கூப்பிடுவாரா? அதன் பிறகு சொல்லிக்கொள்ளும்படி பெரிய வேலை எதுவும் அவர் கைக்கு வரவில்லை.

1931 ஜனவரியில் கட்டடக் கலைஞர்களின் மாறுவேட விருந்து ஒன்று நடந்தது. நகரத்தின் பெரிய தலைகள் அவரவர் கட்டிய கட்டடமாகவே வேஷம் கட்டி வந்தார்கள். புகைப்படம் இருக்கிறது, எல்லோரும் ஏதோ நேர்த்திக்கடனுக்கு நிற்பதுபோல் நிற்கிறார்கள். நடுவில் வான் ஆலன், தலையில் அந்தக் கூரிய உச்சியோடு, மேலங்கியில் ஜொலிஜொலித்தபடி. படத்தைக் காட்டினேன். "உக்கார முடிஞ்சுதா மாமா அவரால?" என்றான் பையன். ஆராய்ச்சியாளர்கள் கேட்கத் தவறிய கேள்வி.

அவர் அப்படி ஜொலித்துக்கொண்டிருந்தபோதே அவருடைய சாதனை போய்விட்டிருந்தது. பக்கத்திலேயே எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. பணம் போட்டவர் ஜான் ராஸ்காப். கிரைஸ்லரின் எதிர்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் கஜானா பார்த்தவர். முகம் காட்டியவர் முன்னாள் கவர்னர் ஆல் ஸ்மித். 1928 ஜனாதிபதித் தேர்தலில் ஹூவரிடம் தோற்றவர். முதலில் போட்ட திட்டம் 1,050 அடி. கிரைஸ்லரைவிட நான்கு அடி அதிகம். ராஸ்காப்புக்கு நெஞ்சு படபடத்தது. அந்த ஆள் இன்னொரு கம்பியை உள்ளே ஒளித்து வைத்திருந்தால்? எதற்கும் இருக்கட்டும் என்று 200 அடிக்கு ஒரு தொப்பி போட்டார்கள். மொத்தம் 1,250 அடி.

வெறும் வீம்புக்குப் போட்ட தொப்பி என்று ஒப்புக்கொள்ள முடியுமா? ஆகாயக் கப்பல்களைக் கட்டிவைக்கும் கம்பம் என்றார் ஸ்மித், முகத்தில் சிரிப்பே இல்லாமல். ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல் மூக்கைக் கம்பத்தில் மாட்டிக்கொள்ளுமாம். பயணிகள் ஒரு பலகை வழியாக, கீழே மன்ஹாட்டன் தெரிய, நடந்து இறங்குவார்களாம். இருநூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலை மூக்கில் மட்டும் கட்டினால், காற்றடிக்கும்போது வால் எங்கே போகும் என்று எட்டு வயதுப் பையன் கேட்கிறான். அன்றைய அறிவிப்பில் அதற்குப் பதில் இல்லை.

1931 மே 1 திறப்பு விழா. வாஷிங்டனில் இருந்தபடி பொத்தானை அழுத்தி விளக்கேற்றியவர் ஜனாதிபதி ஹூவர். தன்னைத் தோற்கடித்தவர் கையாலேயே ஸ்மித் தன் வீட்டு ஸ்விட்சைப் போடவைத்தார். அரசியலில் இதைவிட நயமான பழிவாங்கலை நான் படித்ததில்லை. விளக்கு எரிந்தது, குடி வர ஆள் இல்லை. பொருளாதாரம் படுத்திருந்த நேரம். 'எம்ப்டி ஸ்டேட்' என்று ஊர் பெயர் வைத்தது. முதல் வருஷம் மாடியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களின் டிக்கெட் காசு, வாடகை வரவுக்குச் சமமாக இருந்தது.

கம்பத்துக்கும் போணி ஆகவேண்டுமே! அந்த செப்டம்பரில் சிறிய ஆகாயக் கப்பல் ஒன்று வந்து, சூறைக்காற்றில் தள்ளாடி, மூன்று நிமிஷம் கயிற்றில் தொங்கிவிட்டுப் போனது. இன்னொன்று ஒரு கட்டுச் செய்தித்தாளைக் கயிறு கட்டி இறக்கியது. அதே தாள் கீழே தெருவிலேயே விற்றுக்கொண்டிருந்தது. பெரிய கப்பல் ஒன்றுகூட வரவில்லை, ஒரு பயணிகூட அந்தப் பலகையில் கால் வைக்கவில்லை. கடைசியில் அந்தக் கம்பத்தைப் பிடிமானத்துக்காவது உருப்படியாகப் பயன்படுத்திய முதல் பயணி 1933-இல்தான் வந்தார், சினிமாவில், அதுவும் கீழேயிருந்து ஏறி. பெயர் கிங் காங்.