பி.எஃப். நாமினி: அம்மாவா, மனைவியா?

கேள்வி: அப்பா அம்மா உப்பளத்தில் பலகை இழுத்துப் படிக்க வைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்ததும் பி.எஃப். நாமினியாக அம்மா பெயரைக் கொடுத்தேன். இப்போது மனைவி, "என் பெயர் எங்கே?" என்கிறாள். அம்மா பெயரை எடுத்தால் வீடு ரெண்டாகிவிடும். என்ன செய்வது?
– ஓர் அப்பாவிக் கணவர், மரக்காணம்

பதில்: எடுக்கிற பாவம் உங்களுக்கு வேண்டாம் சார், அரசாங்கமே எடுத்துவிட்டது! 1952-ஆம் ஆண்டின் பி.எஃப். திட்டப்படி, கல்யாணத்துக்கு முன் கொடுத்த நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாது. ஐப்பசி மழையில் பாத்தியில் விட்ட உப்பு மாதிரி, நீங்கள் தாலி கட்டிய அன்றே அது கரைந்துவிட்டது. இதை அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். மருமகள் வாயால் வந்தால் வேறு அர்த்தம் ஆகிவிடும்.

புதிதாக எழுதும்போது மனைவி, உங்களை நம்பியிருக்கும் அம்மா இருவரையுமே போடலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்பது உங்கள் இஷ்டம், கூட்டினால் 100 வந்தால் சரி. (ஐம்பது ஐம்பது போட்டுவிட்டு இருவரிடமும் "உனக்குத்தான் அதிகம்" என்று சொல்லும் சாமர்த்தியம் தனி.) குடும்பம் இருக்கும்போது நண்பனை நாமினியாக்க முடியாது, அந்த வம்பே இல்லை. மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியமோ நாமினியைப் பார்க்காது, சட்டப்படி முதலில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான்.

யு.ஏ.என். தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். ஆதாரோடு இணைத்த மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், ஓ.டி.பி. போட்டு இ-சைன் முடிக்காத நாமினேஷன் கணக்கில் சேராது.