ரெய்டு கார்டுக்கும் லினக்ஸுக்கும் பொருத்தம் பார்த்தல்: ஓர் ஆய்வு

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், ரெய்டு கார்டை லினக்ஸோடு சேர்த்துவைக்கும்போது ஒன்றுகூடப் பார்க்காமல் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்துவிடுகிறோம். இக்குறையை நீக்குவதே ஆய்வின் நோக்கம்.

முதலில் பூர்வீகம். 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ஓர் ஆய்வுத்தாள் வெளியிட்டனர். மலிவான டிஸ்க்குகள் பலவற்றைக் கூட்டாக வேலைவாங்கினால் விலையுயர்ந்த ஒரே டிஸ்க்குக்கு ஈடுகொடுக்கலாம் என்பது அவர்கள் துணிபு. ரெய்டு என்ற பெயரிலுள்ள ‘ஐ’ அந்த ‘மலிவான’ என்ற சொல்லின் முதலெழுத்து. பிற்காலத்தார் அதைத் ‘தனித்தனியான’ என்று மாற்றி ஓதினர். கார்டுகளின் விலைப்பட்டியலைப் பார்த்தவர்க்கு இப்பாடபேதத்தின் காரணம் விளங்கும்.

இனி கணப் பொருத்தம். தனிச் செயலியும் தனி நினைவகமும் உடைய கார்டு தேவ கணம். கார்டின் தயவின்றிக் கர்னலே எம்டி என்ற பெயரில் பார்த்துக்கொள்வது மனுஷ கணம். மதர்போர்டோடு இலவச இணைப்பாக வருவது, வழக்கில் ‘ஃபேக் ரெய்டு’ எனப்படுவது, ராட்சச கணம். பயாஸில் நுழைந்து இரண்டு டிஸ்க்கை ஜோடி சேர்த்தால் ‘நார்மல்’ என்று ஆசி வழங்கும். லினக்ஸ் இன்ஸ்டாலரைத் திறந்தாலோ எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டும் முன்பின் அறியாதவை போலத் தள்ளித் தள்ளி நிற்கும்.

“அண்ணே, பயாஸ்ல ஒண்ணாத்தானே இருந்துச்சு?” என்றான் உடனிருந்த தம்பி.

மதர்போர்டிலுள்ள சிப் டிஸ்க்கின் கடைக்கோடியில் ‘இவர்கள் தம்பதி’ என்று ஒரு குறிப்பு எழுதுவதோடு சரி. குடித்தனம் நடத்துவது விண்டோஸ் டிரைவர். அக்குறிப்பைப் படிக்க லினக்ஸில் டிஎம்ரெய்டு உண்டு. இன்டெல் குறிப்பானால் எம்டிஅட்மினே படித்துவிடும்.

பெயர்ப் பொருத்தம் பத்தில் சேராது; சேர்த்திருக்கலாம். எச்பி ஸ்மார்ட் அரே கார்டுகளைப் பழைய சிசிஐஎஸ்எஸ் டிரைவர் ஆண்டபோது டிஸ்க்கின் பெயர் சி0டி0. எச்பிஎஸ்ஏ டிரைவர் வந்தபின் அதே டிஸ்க் எஸ்டிஏ. பெயர் மாறிய சேதி எஃப்எஸ்டேபுக்கு எட்டாது. அது பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருக்க, சர்வர் பாதி பூட்டில் நின்றுவிடும். யுயுஐடி என்னும் ஜாதகப் பெயரால் அழைப்பதே பரிகாரம்.

வசியப் பொருத்தம் காலத்தால் கெடும். 2019இல் ரெட்ஹேட் 8 வந்தபோது பழைய கார்டுகள் பலவற்றின் அடையாள எண்கள் டிரைவரிலிருந்து நீக்கப்பட்டன. டிரைவர் இருக்கும், கார்டும் இருக்கும், எல்எஸ்பிசிஐ கேட்டால் அதன் பெயரைக்கூடச் சொல்லும். டிஸ்க் மட்டும் தெரியாது.

எல்லாவற்றிலும் தலையாயது ரஜ்ஜு, ஆயுள் சம்பந்தப்பட்டது. எழுதத் தந்ததைத் தன் நினைவகத்தில் வாங்கிவைத்துக்கொண்டே ‘எழுதியாயிற்று’ என்று சொல்வது கார்டின் சுபாவம். கரன்ட் போனால் அந்த வாக்கைக் காப்பாற்றுவது பாட்டரி. பாட்டரிக்கு வயதாகிவிட்டால் கார்டு திடீரென்று சத்தியசந்தனாகி, டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்லத் தொடங்கும். டேட்டாபேஸ் நகரவில்லை என்று மூன்று நாள் குவரிகளைத் திருத்திக்கொண்டிருந்தவன் இவ்வாய்வாளன். லினக்ஸிடம் அந்தக் கார்டு தன் பாட்டரியைப் பற்றி மூச்சே விடவில்லை. அதற்கென்றே உள்ள கருவியைத் தேடி நிறுவி, நாலு வரி நீளக் கட்டளையால் கேட்டபிறகுதான் ‘பாட்டரி மாற்றவும்’ என்றது. டிஸ்க்குக்கும் லினக்ஸுக்கும் நடுவே நிற்கும் இந்தத் தரகர் இப்படித்தான், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதாகச் சரித்திரமில்லை.

ஆகவே தரகரின் வாயைக் கட்டுவது என்று முடிவாயிற்று. எட்டு டிஸ்க் தாங்கும் எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற கார்டுகளில் ரெய்டு ஃபர்ம்வேரை நீக்கி ஐடி மோடு ஃபர்ம்வேரை ஏற்றலாம். அதன்பின் கார்டு வெறும் வழிப்போக்கன். டிஸ்க்குகளை லினக்ஸ் நேருக்கு நேர் பார்க்கும். அவ்வாறே செய்து, இரண்டு டிஸ்க்கைக் கர்னலிடமே ஒப்படைத்து, எம்டி0 என்று பெயரும் சூட்டினோம். எம்டிஸ்டாட்டில் அடைப்புக்குறிக்குள் இரண்டு ‘யு’ அருகருகே வந்தன. ஒன்று விழுந்தால் அந்த இடத்தில் வெறும் அடிக்கோடுதான் நிற்கும்; அது இல்லை. டீ வரவழைக்கப்பட்டது.

குடித்துவிட்டு ரீபூட் செய்தோம். எம்டி0 இப்போது எம்டி127. இனிட்ராம்எஃப்எஸ்ஸில் பெயரைப் பதியவில்லை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதெல்லாம் சரிண்ணே. நடுவுல 126 பேர் எங்க போனாங்க?”