195 கிலோவும் ஒரு கட்டுக் கொத்தமல்லியும்

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த 195 கிலோவைச் சக்கரங்கள் சுமக்கின்றன. புறப்படுமுன் இரண்டு நிமிடமும் வந்து சேர்ந்தபின் இரண்டு நிமிடமும் ஓட்டுபவர் சுமக்கிறார். சென்னையை அடுத்த பட்டாபிராமில் பணி ஓய்வு பெற்றவர்கள் கனத்த டூரிங் வண்டியிலிருந்து லேசான வண்டிக்கு மாறுவது இந்த நான்கு நிமிடங்களால்தான். காரணம் கேட்டால் மட்டும் பெட்ரோல் விலையைச் சொல்வார்கள்.

நேராக நிற்கும் வண்டியை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளலாம். வண்டியின் எடைமையம் ஹேண்டில்பாரின் உயரத்தில் ஏறக்குறைய பாதியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 10 டிகிரி சாயும்போது கையில் இறங்குவது சுமார் 17 கிலோ. 30 டிகிரியில் கிட்டத்தட்ட 50 கிலோ. 40 வயதில் இந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்படுவதில்லை. 62 வயதில், சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். ரோட்டில் யு-டர்ன் அடிக்கும்போது, காலடியில் கொஞ்சம் ஜல்லி கிடந்தால், கணக்கு தானாகவே வந்துவிடுகிறது.

அடுத்த தடை வீட்டு வாசல். ரோடு போடப்போடத் தெரு உயர்கிறது. மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வீட்டுக்காரர் வாசலை அதைவிட உயர்த்துகிறார். இரண்டுக்கும் நடுவே ஒரு செங்குத்துச் சறுக்கு உருவாகிறது. நாலடிக்கு ஓரடி ஏறும் சறுக்கில் 195 கிலோ வண்டியைத் தள்ள 47 கிலோ அளவுக்கு விசை வேண்டும். எஞ்சினைப் போட்டு ஏற்றலாமே என்று கேட்கலாம். ஏற்றலாம், வண்டி ஹாலுக்குள் போய் நிற்கும்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால் இந்த வட்டாரத்தில் பிரச்சினைக்குக் கௌரவமும் சேர்கிறது. அங்கே 41 டன்னுக்கு மேல் எடையுள்ள டி-72 டாங்கிகளோடு பணிக்காலத்தைக் கழித்தவர், 195 கிலோவைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்ற எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட மாட்டார். தொழிற்சாலையில் கிரேன் இருந்ததை அவர் மனைவிதான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களின் பிடிவாதம் தனி ரகம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்துத் திருவொற்றியூரில் வேரூன்றிய அந்த வண்டியில், கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருந்தன. கிளப்புவதற்கு ஒரு சடங்கு உண்டு: கிக்கரை மெதுவாக மிதித்து, அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டீகம்ப்ரெஷன் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டு, ஒரே உதை. முள் ஏமாற்றினால் கிக்கர் திருப்பி உதைக்கும். மூட்டு வலிக்கு மருந்து சாப்பிடுகிறவர் செய்யக்கூடிய காரியமல்ல. ஆனால் மெக்கானிக், “சார், இந்த இரும்பு இனிமே வராது, குடுத்துடாதீங்க” என்று சொல்லிவிட்டால் விற்பனை இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும். அந்த ஒரு வருடத்தில் லாபம் அடைகிறவர் மெக்கானிக்.

விற்பது பெரும்பாலும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று நேரத்தில் நடக்கும். 15 வருடம் முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் மகனும் மருமகளும் ஒரே கட்சியாகியிருப்பார்கள். 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் ஐ.டி. வளாகம் திறந்தபின் வாங்குவதற்கு இளைஞர்களும் அக்கம்பக்கத்திலேயே கிடைக்கிறார்கள். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போடுவதற்குள் விற்பவர் லடாக் பயணத்தை முழுவதுமாகச் சொல்லிவிடுகிறார். வாங்குபவர் கேட்கும் ஒரே கேள்வி சைலென்சரை மாற்றலாமா என்பது.

மாற்று வண்டியைத் தேர்ந்தெடுப்பதிலும் படிகள் உண்டு. ரோஷம் மிச்சமிருப்பவர் முதலில் 181 கிலோ ஹண்டரைப் பார்க்கிறார். குறைவது 14 கிலோ, அதாவது ஒரு சிலிண்டரில் இருக்கும் கேஸ். பிறகு 112 கிலோ ஸ்ப்ளெண்டர், அப்புறம் நூற்றைந்தை ஒட்டிய ஆக்டிவா. 90 கிலோவுக்கும் குறைந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 தான் சறுக்குக்கும் மூட்டுக்கும் ஏற்றது என்பது வெளிப்படை. ஆனால் லே நகரில் எடுத்த போட்டோவை ஹாலில் மாட்டியிருப்பவர் அதை வாங்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும். பலரும் ஆக்டிவாவில் சமாதானம் ஆகிறார்கள். முதல் சில வாரம் கால் காற்றில் கியர் தேடும்.

கனமான வண்டியின் முக்கியப் பயன் அது போனபிறகுதான் தெரியவருகிறது. புல்லட் நின்ற காலத்தில், “ஒரு கட்டுக் கொத்தமல்லிக்குப் போய் அதை வெளியே எடுக்கணுமா?” என்ற கேள்விக்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. அந்த 195 கிலோ, ரேஷன், கேஸ் புக், மாவு மிஷின், பேரனின் டியூஷன் எல்லாவற்றுக்கும் எதிரான கோட்டைச் சுவராக இருந்தது. ஆக்டிவா வந்த மறுநாளே, “என்னங்க, வண்டிதான் சும்மா நிக்குதே” என்று ஆரம்பிக்கும். கால் வைக்கும் இடத்தில் அரிசி மூட்டை, கொக்கியில் காய்ப்பை, சீட்டுக்கு அடியில் தயிர். டூரிங் வண்டியில் தனியாக விலை கொடுத்துப் பை மாட்ட வேண்டியிருந்தது; இதில் எல்லாம் கம்பெனியே தந்துவிட்டது.

வெளிவட்டச் சாலையில் ஒரு சுற்றுப் போகலாம் என்று நெமிலிச்சேரி வரை வந்தவரை, கடலைப் பருப்பு மறந்துபோனதாகப் போன் வந்து திருப்பும். சில மாதத்தில் மனைவியே ஓட்டப் பழகிக்கொள்கிறார். லைசென்ஸ் வந்ததும் சாவி அவர் கைப்பைக்குப் போய்விடுகிறது. ஸ்டேஷன் வரைக்கும் போக வேண்டுமென்றால் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அவர் இறக்கிவிடுவார்.