பனம்பழமும் பரடேயும்

18ஆம் நூற்றாண்டில் பேர்மிங்ஹாம் நகரத்தில் ஜேம்ஸ் வாட், மத்தியூ போல்ட்டன், எராஸ்மஸ் டார்வின் போன்ற பெரிய தலைகள் கூடி விஞ்ஞானம் கதைத்த சபைக்கு லூனார் சொசைட்டி என்று பெயர். பூரணையை ஒட்டித்தான் கூடுவார்கள். வீடு திரும்ப நிலவு வேண்டுமே. இருட்டுத்தான் விஞ்ஞானத்துக்குத் தகுதியென்றால், 1990களில் மின்சாரமே இல்லாத எங்கள் வன்னிக் கிராமம் தர்மபுரத்துக்கு ஒரு நோபல் பரிசாவது தந்திருக்க வேண்டும்.

முறைப்படி எங்கள் விஞ்ஞானம் பரந்தனில்தான் முளைத்திருக்க வேண்டும். அங்கே அரசாங்கத்தின் இரசாயனத் தொழிற்சாலை, உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் பிரித்தெடுத்தது. உப்புக்கு ஆனையிறவு உப்பளம் பக்கத்திலேயே. கோஸ்டிக் சோடா இல்லாமல் சவர்க்காரம் இல்லை. 80களில் சண்டை வந்தது, ஆலை படுத்தது. 1990இல் அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை: பெற்றோல், பற்றரி, சீமெந்து, யூரியா ஒன்றும் வராது. சவர்க்காரம் யானை விலை. பரந்தன்–முல்லைத்தீவு வீதிச் சனம் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தது. ஊத்தை போனது உண்மை. கொடியில் காய்ந்த சறத்தை மாடு வாசம் பிடித்துச் சப்பியதும் உண்மை.

மேற்படிப்பு மோட்டார்சைக்கிளில்: பெற்றோலுக்குப் பதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் லேசில் ஆவியாகாது, சூடேறினால் எரியும். ஆகவே தொடக்கத்துக்கு மட்டும், கண்மருந்துப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோல்.

“தம்பி, ரெண்டு சொட்டு விடு.”

“மூண்டு விடட்டோ அண்ணை?”

“மூண்டோ? கொப்பர் என்ன, பெற்றோல் செட்டோ வைச்சிருக்கிறார்?”

பத்தாவது உதையில் பிடிக்கும். பின்னால் கிளம்புகிற புகைக்கு மான்செஸ்டர் ஆலைகளே தோற்கும்.

இரவில் ஜாம் போத்தல் விளக்கு: அடியில் பஞ்சு, அது நனைய மண்ணெண்ணெய், மெல்லிய திரி, போத்தலே சிமினி. பக்கத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவில் றேடியோ பேசும். பிபிசி தமிழோசையில் எங்கள் பக்கத்துச் செய்தி வரும் நேரம் பார்த்துத்தான் சுற்றுகிறவனுக்குக் கை உளையும். குரல் மெலியும். அந்த இடைவெளியில் மாஸ்டர் ஒருவர், டைனமோ சுழல மின்சாரம் பிறப்பது மைக்கேல் பரடே 1831இல் கண்டுபிடித்த தத்துவம் என்று தொடங்குவார்.

“பரடேயைப் பிறகு பாப்பம் மாஸ்டர். டேய், நீ சுத்தடா!”

2002இல் தடை விலகி, ஏ9 பாதை திறந்து, பெட்டி பெட்டியாகச் சவர்க்காரம் வந்து இறங்கியது. மாடு வழமைபோல வந்து கொடியில் கிடந்த சறத்தை ஒருக்கால் முகர்ந்து பார்த்தது. தும்மிவிட்டுப் போய்விட்டது.